மாமியார் அறுபத்திரண்டு சதவீதம்

அவளைத் தெருவில் எல்லோரும் சேட்டிலைட் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அலுவலக அடையாள அட்டையில் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகராட்சியின் திட்டப் பிரிவில் அவளுக்கு வேலை. வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கணினித் திரையில் விரித்துவைத்து, ஊர் எங்கே வளர்ந்திருக்கிறது, எங்கே வெந்துபோயிருக்கிறது என்று கண்டு சொல்ல வேண்டும். பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ஊரின் ஒவ்வொரு சந்தும் அவளுக்கு அத்துப்படி.

தரையில் இறக்கிவிட்டால் தீர்ந்தது. வலது கை எது, இடது கை எது என்று ஒரு நிமிடம் யோசித்துத்தான் திரும்புவாள். கல்யாணமாகி வந்த புதிதில், காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவள் ஒரு தெரு முன்னதாகவே திரும்பிவிட்டாள். அதே நீலக் கதவு, அதே மூன்று படி. நேராக உள்ளே போய், யார் வீட்டு ஃபிரிட்ஜிலோ காய்களை எல்லாம் அழகாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே துண்டோடு ஒரு பெரியவர்.

"பரவாயில்லம்மா. கேரட் எங்களுக்கும் பிடிக்கும்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவளுக்கு வழி சொல்லும் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டாள். மாமியார் சாதாரணப்பட்டவள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் கருவியை மாட்டி ஊருக்கே இணைப்புக் கொடுத்த அந்தக் குரல், இன்றைக்கும் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். மருமகள் எங்காவது தொலைந்துபோய் கைபேசியில் கூப்பிட்டால், மாமியார் பதறமாட்டாள்.

"லைன்ல இரு. வலது பக்கம் என்ன தெரியுது?"

"ஒரு கடை தெரியுது அத்தை."

"என்ன கடை?"

"மூடியிருக்கு."

"சரி, எதிர்ல?"

"அதுவும் மூடியிருக்கு."

"அப்ப அது செருப்புக்கடை சந்து. ஞாயித்துக்கிழமை அங்கதான் ரெண்டு பக்கமும் மூடியிருக்கும். முதுகைத் திருப்பு. நேரா நட. நான் லைன்லயே இருக்கேன்."

அப்படியே பேசிப் பேசியே மருமகளை வாசற்படி வரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். எத்தனை மாலைகளில் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வீடு வந்து சேர்ந்திருக்கிறாள் என்பது அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆனால் மாமியாருக்கு ஒரு குணம். மனம் நொந்தால் சண்டை போடமாட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சை நிறப் பையை இழுப்பாள். நாலு துணியை மடித்து வைப்பாள். "நான் என் மக வீட்டுக்குப் போறேன்" என்பாள். ஒரே ஒருமுறை, ரசத்தில் உப்பு என்று மகன் வாய் தவறிச் சொன்னதற்கு உண்மையாகவே போய்விட்டாள். அந்த நாட்களில் சேட்டிலைட் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியதே ஒரு சாகசம். ஒருநாள் பேருந்துப் பணிமனையிலேயே இறக்கிவிடப்பட்டாள். மாமியார் திரும்பி வந்தபோது மருமகள் வாசலில் நின்று அழுத அழுகையைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

வீட்டில் மற்ற இருவரையும் சொல்லிவிடலாம். கணவன் ஏசி மெக்கானிக். வெயில் ஏற ஏற அவன் முகம் மலரும்.

"உன் மேப்புல எங்கெங்க செவப்பா இருக்குன்னு சொல்லிடு. நான் போய் விசிட்டிங் கார்டு போட்டுட்டு வந்துடறேன்" என்பான்.

"ஊர் வேகுதுன்னு நான் அழறேன், நீங்க வியாபாரம் பேசறீங்க."

"நீ அழு, நான் கேஸ் ஃபில் பண்றேன். ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஊரைக் காப்பாத்தறோம்."

இன்னொருவன் அவனுடைய தம்பி, அவளுக்குக் கொழுந்தன். எந்த வேலையிலும் நிலைக்காதவன். எதிர்காலத்தில் ஏதோ பெரிதாகச் செய்யப்போவதாகச் சொல்லி ஊருக்கு வெளியே ஒரு மனையை வாங்கிப் போட்டு, அதில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் வைத்திருந்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் விதி ஒரு செயற்கைக்கோள் படத்தின் வடிவில் வந்தது.

இருபது வருடங்களுக்கு முன் ஊர் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இந்த மாற்றத்தால் வெப்பம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நகராட்சி ஆய்வு செய்யச் சொன்னது. வேலை சேட்டிலைட்டின் மேசைக்கு வந்தது. பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று. கணினி அதுவாக எதையும் கண்டுபிடிக்காது. இது கட்டடம், இது மரம், இது தண்ணீர், இது சும்மா கிடக்கிற தரிசு என்று ஒவ்வொன்றுக்கும் சில இடங்களை நாம் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மீதி ஊரை அது பிரித்துக்கொள்ளும்.

சந்தேகமில்லாமல் தெரிந்த இடங்களைத்தான் காட்ட வேண்டும் என்பது விதிமுறை. அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த இடங்கள் உலகத்திலேயே நாலுதான். காங்கிரீட் மாடிக்கு மாமியார் வீட்டையும் அந்தத் தெருவையும் காட்டி, மொட்டைமாடியில் நேரில் எடுத்த ஒரு படத்தையும் கோப்பில் சேர்த்தாள். மரங்களுக்குப் பழைய படத்தில் இருந்த தன் அம்மா வீட்டுத் தோட்டத்தைக் காட்டினாள். தண்ணீருக்குச் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரி. தரிசுக்குக் கொழுந்தனின் மனை. அதைவிடத் தரிசு வேறெங்கும் கிடைக்காது.

பெயர் எழுதும் பெட்டியில் நல்ல எண்ணத்தோடுதான் "மாமியார் வீடு" என்று தட்டினாள். அந்தப் பாழாய்ப்போன பெட்டியில் சில எழுத்துகளுக்கு மேல் ஏறாது. "வீடு" வெட்டுப்பட்டு "மாமியார்" மட்டும் நின்றது. அம்மா வீடு "அம்மா" ஆனது. சித்தப்பா ஏரி "சித்தப்பா" ஆனது. கொழுந்தன் மனை "கொழுந்தன்" ஆனது. மெஷின் ஓடி முடித்ததும் அட்டவணை வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் மேசைக்கு அடியில் குனிந்து, பேனா விழுந்துவிட்டதுபோல் பாவனை செய்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அப்போதே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. வேலை முடியட்டும் என்று விட்டுவைத்தாள். தினமும் காலையில் ஒருமுறை திறந்து படித்தால் அன்றைய பொழுது நன்றாகப் போயிற்று.

வேலை முடிந்ததும் ஒழுங்காகக் கட்டடம், மரம், நீர்நிலை, தரிசு என்று மாற்றித்தான் வைத்தாள். அவள் மேல் பழி போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பெயர் மாற்றாத கோப்புக்கு அவள் வைத்திருந்த பெயர் "கடைசி". பெயர் மாற்றியதற்கு வைத்த பெயர் "இதுதான் கடைசி". அதற்குப் பிறகு ஒரு கோட்டைச் சரிசெய்து வைத்தது "சத்தியமா கடைசி".

அவளுடைய மேலதிகாரிக்கு அலுவலகத்தில் "சரிபார்க்கவும்" என்றுதான் பட்டப்பெயர். எந்தத் தாள் போனாலும் படிக்காமலே ஓரத்தில் "சரிபார்க்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே ஒரு கோப்பை எடுத்தார், அந்த ஒருமுறை சரிபார்க்கவில்லை. மக்கள் கூட்டத்துக்கு வரைபடம் வேண்டும் என்று அவளுடைய கணினியில் தேடியவர், மூன்று பெயர்களையும் பார்த்தார். சத்தியம் செய்கிறவரை நம்பக்கூடாது என்பது அவர் அனுபவம். "கடைசி"யைத் தேர்ந்தெடுத்தார்.

கூட்டத்தன்று காலை மாமியாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் போய், "என் மருமக போட்ட மேப்பை இன்னைக்குப் பெரிய ஸ்கிரீன்ல காட்டறாங்க. வராதவங்க என் மூஞ்சில முழிக்கக்கூடாது" என்று மிரட்டி ஒரு வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனாள். தண்ணீர்க் கேன் தூக்கக் கொழுந்தனும் கூடப் போனான். போட்டி போட்டுக்கொண்டு பின் தெருச் சங்கத் தலைவி லாண்டரிக்காரம்மாவும் தன் படையோடு வந்திருந்தாள்.

அலுவலகத்துக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிய சேட்டிலைட், அங்கே கணினியைத் திறந்ததும் திடுக்கிட்டாள். எடுத்துச் செல்லப்பட்ட கோப்பின் பெயர் திரையில் தெரிந்தது. "கடைசி." மேலதிகாரியைக் கூப்பிட்டாள், கைபேசியை அணைத்துவைத்திருந்தார். ஓடினாள். நகர மண்டபத்துக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட கதவைத் திறந்து, மேடையை நோக்கிப் பாய்ந்து, "நிறுத்துங்க சார், அந்த மாமியாரைக் காட்டாதீங்க" என்றாள். அங்கே சிறு பிள்ளைகளுக்கான பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆர்மோனியம் நின்றது.

வேறு வழியில்லாமல் மாமியாரைத்தான் கூப்பிட்டாள்.

"அத்தை, மண்டபத்துக்குள்ளயே தொலைஞ்சுட்டேன்."

"லைன்ல இரு. என்ன கேக்குது?"

"பிள்ளைங்க பாடறாங்க."

"அது தரைத்தளம். மாடி ஏறு. ஏறினதும் தண்ணி மெஷின் இருக்கும், அதுக்கு எதிர்க்கதவு. சீக்கிரம் வாம்மா, உன் மேப்பை இப்பதான் போடறாங்க. எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு."

ஐயோ, அந்தத் தாயுள்ளம் தன் தலையில் விழப்போகும் கல்லுக்குத் தானே வழி சொல்லிக்கொண்டிருந்தது.

உள்ளே மேலதிகாரி தொண்டையைக் கனைத்தார். திரையைப் பார்த்தார். பெயர்களைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"அடுத்ததா, நம்ம நகரத்துல மாமியாரோட நிலைமை" என்றார். "இருபது வருஷத்துக்கு முன்னாடி மாமியார் முப்பத்தொரு சதவீதம். இன்னைக்கு அறுபத்திரண்டு. சரியா ரெண்டு மடங்கு."

"எங்க வீட்டுல நூறு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

முன்வரிசையில் இருந்த நகராட்சித் தலைவி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "சார், மாமியார்னா இங்க என்ன அர்த்தம்?"

"மேடம், அது உலகம் பூரா இருக்கிற வகைப்பாடு."

"அது தெரியும். இங்க?"

அவர் குறிப்பைப் பார்த்தார். கட்டடத்தைப் பற்றி சேட்டிலைட் எழுதியிருந்ததெல்லாம் அதே பெயரில் இருந்தது. "பகல் முழுக்க சூட்டை உள்ள வாங்கி வெச்சுக்கும். ராத்திரி பூரா மெதுவா வெளிய விடும். மாமியார் அதிகமா இருக்கிற எடத்துல சுத்தி இருக்கிறவங்களால தூங்க முடியாது."

யாரோ கை தட்டினார்கள். அதற்குள் மண்டபத்தின் ஒரு பாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமியாரும் சேர்ந்துதான் சிரித்தாள். ஏதோ பொதுவாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். "அறுபத்திரண்டு சதவீதம் நாமதான். பாத்துக்க" என்று பக்கத்துப் பெண்ணின் தொடையில் தட்டினாள்.

"கொழுந்தன் பதினாலு சதவீதம்" என்றார் மேலதிகாரி, உற்சாகம் ஏறிவிட்டது. "இதனால யாருக்கும் பிரயோஜனம் இல்ல. வெறுமனே கிடக்குது. ஆனா சீக்கிரம் சூடாகிடும்." தண்ணீர்க் கேனோடு நின்றிருந்த கொழுந்தன் கேனைக் கீழே வைத்தான். "சித்தப்பா பதிமூணுலேர்ந்து ஏழுக்கு வத்திட்டாரு. பல எடத்துல சித்தப்பா மேல மண்ணைக் கொட்டி மாமியாரை எழுப்பிட்டாங்க. ரொம்ப வருத்தமான விஷயம், நாப்பது சதவீதம் இருந்த அம்மா இப்ப பதினேழுதான். அந்த அம்மாவெல்லாம் எங்க போனாங்கன்னு பாத்தா, அத்தனை பேரும் மாமியாரா மாறிட்டாங்க."

இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. சில பெண்கள் மெதுவாகத் தலையாட்டினார்கள்.

"மாமியார் திரும்பி அம்மாவா மாறினது எவ்வளவு?" என்று கேட்டாள் நகராட்சித் தலைவி.

"கால் சதவீதம்கூட இல்ல மேடம். ஒரு பழைய சினிமா தியேட்டர் இடிஞ்சு விழுந்து அங்க செடி முளைச்சிருக்கு. அது ஒண்ணுதான்."

"சரி, இதுக்கு என்னதான் தீர்வு?"

"மாமியாரை ஒரேயடியா இடிக்க முடியாது. சட்டச் சிக்கல் இருக்கு. மேல வெள்ளை அடிச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும். நடுநடுவுல அம்மாவை நட்டு வைக்கலாம். இதோ, மாமியார் எப்படி இருக்கும்னு நேர்ல எடுத்த மாதிரிப் படம்."

சேட்டிலைட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் அந்தப் படம் திரையில் விரிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. அவர்கள் வீட்டு மொட்டைமாடி. நடுவில், வாயில் துணிக்கிளிப்பைக் கவ்விக்கொண்டு, நனைந்த போர்வையோடு போராடிக்கொண்டு நிற்பது சாட்சாத் மாமியார். அவளைச் சுற்றிக் கட்டம். கீழே கொட்டை எழுத்தில்: மாமியார்.

மண்டபம் இடிந்ததுபோல் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது லாண்டரிக்காரம்மா.

மாமியார் எழுந்தாள். மருமகளைப் பார்த்தாள். ஊருக்கே இணைப்புக் கொடுத்தவள் தன் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

சேட்டிலைட் வீடு வந்து சேர்ந்தபோது கட்டிலின் மேல் பச்சைப் பை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. எட்டிப் பார்த்த கணவன், "ஒரு அவசர சர்வீஸ்" என்று கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறைந்தான். கொழுந்தன் ஏற்கனவே தன் மனையைப் பார்க்கப் போய்விட்டான், வாங்கியதற்குப் பிறகு முதல்முறையாக.

"அத்தை, நான் மாமியார் வீடுன்னுதான் எழுதினேன். வீட்டை மெஷின் வெட்டிடுச்சு."

"எல்லா மருமகளும் சொல்றதுதான். உங்க வீட்டைத்தான் சொன்னேன், உங்களைச் சொல்லல." மாமியார் ஒரு துண்டை மடித்தாள். "உங்கம்மாவுக்கும்தான் வீட்டை வெட்டிச்சு. அவங்களுக்குப் பச்சை. எனக்குச் செவப்பு."

அந்தச் சொல் ஊசிபோல இறங்கியது. சேட்டிலைட் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல வெட்டினது மெஷின். மாத்தாம விட்டது நான். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்துச்சு, விட்டுட்டேன். தப்புதான்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அந்தப் பச்சை இப்ப இல்ல அத்தை. அம்மா வீட்டை வித்தாச்சு, உங்களுக்கே தெரியும். மரத்தையெல்லாம் வெட்டி ஏழு மாடி எழுப்பிட்டாங்க. புது மேப்புல எங்கம்மா வீடும் மாமியார்தான். இப்ப எனக்குப் போறதுக்கு வேற எடமே இல்ல. நீங்களும் போயிட்டா நான் எங்க போவேன்? எங்க போகணும்னு தெரிஞ்சாலும் எப்படிப் போவேன்?"

துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"நாம எவ்வளவு சூடு?" என்றாள் மாமியார்.

"அத்தை?"

"அந்த மெஷினைக் கொண்டா. எவ்வளவு சூடுன்னு போட்டிருக்கியே, காட்டு."

மடிக்கணினியைக் கட்டிலின் மேல் வைத்துத் திறந்தாள். "ஒரு வீட்டை மட்டும் தனியாச் சொல்ல முடியாது. தெருவை மொத்தமாத்தான் பாக்கும். வெயில் நாள்ல நம்ம தெருவோட தரைச் சூடு நாப்பத்திரெண்டு டிகிரி."

"பின் தெரு?"

"நாப்பத்தஞ்சு."

மாமியாரின் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. "லாண்டரிக்காரி தெருவா?"

"ஆமா. அங்க ஒரு மரம்கூட இல்ல. எல்லாம் தகரக்கூரை."

"அப்ப நான் தேவலை."

"நீங்க ரொம்பத் தேவலை அத்தை."

மாமியார் பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். "என் மக வீட்டு ஏரியா?"

சேட்டிலைட் தயங்கினாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "நாப்பத்தேழு."

"அங்க சம்பந்தியம்மா இல்ல இருக்காங்க. அப்படித்தான் இருக்கும்." ஒரு பெருமூச்சு. "இந்த வெயில்ல நாப்பத்தேழுக்குப் போய் நான் எதுக்குச் சாகணும்?"

மடித்த துணிகள் ஒவ்வொன்றாகப் பையிலிருந்து அலமாரிக்குத் திரும்பின. கடைசித் துணி வெளியே வந்தபோது மாமியார் நிமிர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு."

"பேரை மாத்திட்டேன் அத்தை. கட்டடம்னுதான் போட்டிருக்கேன், சத்தியமா."

"பேர் இருக்கட்டும். அறுபத்திரண்டு சதவீதத்தை எவ விட்டுக்கொடுப்பா? கலரை மாத்து. செவப்பு எனக்கு என்னைக்குமே எடுக்காது. மயில்கழுத்து போடு."

"நீலம் தண்ணிக்குக் கொடுத்திருக்கு. அது சித்தப்பாவோடது."

"உங்க சித்தப்பா வத்திக்கிட்டு இருக்கிறவரு. அவருக்கு எதுக்கு நீலம்? பிஸ்கட் கலர் போதும்."

நகராட்சிக்குப் போன வரைபடத்தில் கட்டடங்கள் முறைப்படி சிவப்பாகவே இருந்தன. மாமியாருக்கென்று தனியாக ஒரு பிரதி அச்சாகி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, ஊர் இவ்வளவு தூரம் தண்ணீரில் மூழ்கிவிட்டதா என்று கேட்பார்கள்.

"அது தண்ணி இல்ல" என்பாள் அவள், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "அது நான்."